சோலாரோடு பேட்டரி சேர்த்த வீட்டில் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சோலாரோடு பேட்டரி இணைத்த வீடுகளில் எந்தக் கோளாறு வந்தாலும் பழி முதலில் பேட்டரி மேல்தான் விழுகிறது. பெரும்பாலும் காரணம் வெளியே இருக்கும்: தளர்ந்த டெர்மினல், மெலிந்த கேபிள், தப்பான செட்டிங், இன்வெர்ட்டர் லைனில் போடக் கூடாத லோடு. அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத சோதனை முதலில் வருகிறது, பேட்டரியை மாற்றுவது கடைசியில் வருகிறது. அந்த வரிசையைத் தாண்டாதீர்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு வகை அமைப்பு அதிகம். ஒன்று, ஏற்கெனவே இருந்த வீட்டு யு.பி.எஸ்ஸின் 12 அல்லது 24 வோல்ட் ட்யூபுலர் (ஆசிட் ஊற்றிய ஈய) பேட்டரியோடு பேனலும், பேனல் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரும் சேர்த்தது. இன்னொன்று, நெட் மீட்டரோடு (எடுத்த யூனிட், கொடுத்த யூனிட் இரண்டையும் கணக்கிடும் மீட்டர்) ஓடிக்கொண்டிருந்த 3 அல்லது 5 கிலோவாட் ஆன்-கிரிட் சோலாரில் (ஈ.பி. லைனோடு இணைந்து ஓடுவது) ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் (பேனல், பேட்டரி, ஈ.பி. மூன்றையும் சேர்த்துக் கையாள்வது) 48 வோல்ட் லித்தியம் பேட்டரியும் சேர்த்தது. இரண்டுக்கும் கோளாறுகள் வேறு. உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

கையில் வேண்டியவை: டி.சி. வோல்ட் காட்டும் மல்டிமீட்டர், டி.சி. ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் (ஏ.சி. மட்டும் அளக்கும் மலிவு கிளாம்ப் இங்கே உதவாது), ட்யூபுலர் என்றால் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தி அளப்பது), ரப்பர் கையுறை, கண்ணாடி. ஸ்பேனரின் கைப்பிடியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிடுங்கள். மோதிரம், காப்பு, செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரி முனைகளுக்கு நடுவே உலோகம் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், விரல் கருகிவிடும்.

தொடவே கூடாதது: மாடியிலிருந்து ஹைப்ரிட்டுக்கு இறங்கும் பேனல் ஒயர். அதில் பகலில் 200 முதல் 500 வோல்ட் வரை டி.சி. இருக்கும். மின்சாரம் ஓடும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்கினால் ஆர்க் எழும். டி.சி. கரண்டுக்கு ஏ.சி. போல விநாடிக்குப் பலமுறை பூஜ்ஜியத்தைத் தொடும் குணம் இல்லாததால் அந்தப் பொறி தானாக அணையாது.

## கரண்ட் போனதும் சோலாரும் சேர்ந்து நிற்கிறது

பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் மட்டும் என்றால்: இது கோளாறு இல்லை. லைனில் வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்க, ஈ.பி. கரண்ட் போனதும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானே நின்றாக வேண்டும். அதை ஏமாற்றி ஓட வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். முக்கியமாக, ஆன்-கிரிட் இன்வெர்ட்டரின் அவுட்புட்டை வீட்டு யு.பி.எஸ்ஸின் அவுட்புட் லைனில் சேர்க்கவே கூடாது. வீட்டில் செலவாகாத சோலார் மின்சாரம் யு.பி.எஸ்ஸுக்குள் பின்னோக்கிப் பாய்ந்து அதன் மாஸ்ஃபெட்டுகளை (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் உள் பாகங்கள்) எரிக்கும், பேட்டரியைக் கொதிக்க வைக்கும். இந்த இணைப்புக்கென்றே வடிவமைத்த பேட்டரி இன்வெர்ட்டர்கள் உண்டு. அவை மின்சாரத்தின் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றி ஆன்-கிரிட்டை அடக்கும். அப்போதும் ஆன்-கிரிட்டின் கிலோவாட் பேட்டரி இன்வெர்ட்டரின் கிலோவாட்டைத் தாண்டக் கூடாது.

ஹைப்ரிட்டும் பேட்டரியும் இருந்தும் நிற்கிறது என்றால்:

1. பேட்டரி பிரேக்கர் ஆனில் இருக்கிறதா, டிஸ்ப்ளேயில் பேட்டரி வோல்ட் காட்டுகிறதா பாருங்கள்.
2. ஹைப்ரிட்டில் ஏ.சி. முனைகள் இரண்டு தொகுதி இருக்கும்: ஒன்று கிரிட், மற்றொன்று பேக்கப். பழைய ஆன்-கிரிட்டைக் கழற்றிய இடத்தில் அதே ஒயர்களில் ஹைப்ரிட்டை மாட்டிப் போய்விட்டால் பேக்கப் முனை காலியாகவே கிடக்கும். மெயினை அணைத்துவிட்டுப் பேக்கப் முனையில் ஏ.சி. வோல்ட் பாருங்கள். 230 வந்தால் இன்வெர்ட்டர் நலம், வயரிங் வேலைதான் பாக்கி.
3. சில மாடல்களில் பேக்கப் வசதியை செட்டிங்கில் ஆன் செய்ய வேண்டும்.

பேக்கப் முனையிலிருந்து தனி டி.பி. (மின் பகிர்வுப் பெட்டி) போடுவது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. இன்னொன்று: நெட் மீட்டர் விண்ணப்பத்தில் எழுதியிருப்பது பழைய இன்வெர்ட்டர். அதை மாற்றுவதற்கு முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியம் பேனல் அமைப்பின் கிலோவாட்டை வைத்துத் தரப்படுவது, பேட்டரிக்குத் தனித்தொகை அதில் கிடையாது. அதை நம்பி பட்ஜெட் போட வேண்டாம்.

## சாயங்காலம் ஆகியும் பேட்டரி நிறைவதில்லை

முதலில் கணக்கு. தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12. பகலில் வீடு 7 யூனிட் தின்றால் மிச்சம் 5, 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) 48 வோல்ட் லித்தியம் (சுமார் 5 யூனிட்) நிறைய அது சரிக்குச் சரிதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிறையாது. அது பழுதும் இல்லை.

ட்யூபுலரில் இன்னும் இறுக்கம். 150 ஏ.எச். பேட்டரி பாதி காலியானால் 75 ஏ.எச்., இழப்பையும் சேர்த்து 90 திருப்பித் தர வேண்டும். 15 ஆம்பியரில் ஆறு மணி நேரம். கடைசிக் கட்டத்தில் பேட்டரியே கரண்டைக் குறைத்துக்கொள்ளும், அதனால் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம். இரவெல்லாம் ஓட்டிவிட்டு ஒரே பகலில் நிறைய வேண்டும் என்றால் முடியாது.

கணக்குச் சரியாக வந்தும் நிறையவில்லையா?

நிழலும் தூசியும். காலை 9 முதல் மாலை 4 வரை மூன்று தடவை மாடிக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலோ தென்னங்கீற்றோ ஒரு பேனலின் மூலையில் விழுந்தாலும் உற்பத்தி இறங்கும். பேனலை அதிகாலையில் கழுவுங்கள். உச்சி வெயிலில் சூடேறிய கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி தெறிக்கலாம்.

சார்ஜ் கரண்ட் அளவு. ஹைப்ரிட்டில் அதிகபட்ச சார்ஜ் ஆம்பியர் குறைவாக வைத்திருக்கலாம். ட்யூபுலருக்கு ஏ.எச். அளவில் பத்தில் ஒரு பங்கு இயல்பு, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. லித்தியத்துக்குப் பொதுவாகப் பாதி, 100 ஏ.எச்சுக்கு 50 ஆம்பியர். பேட்டரி ஏட்டில் வேறு எண் இருந்தால் ஏடு சொல்வதே சரி.

பொருந்தாத சார்ஜ் கன்ட்ரோலர். பழைய யு.பி.எஸ்ஸில் பேனல் சேர்த்த வீடுகளில் அதிகம் காணும் தப்பு இதுதான். கடையில் 500 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும் பி.டபிள்யூ.எம். வகை (பேனலை நேரே பேட்டரியோடு சேர்த்தும் துண்டித்தும் சார்ஜ் செய்யும்) கன்ட்ரோலரோடு 540 வாட் பேனலை இணைத்திருப்பார்கள். அந்தப் பேனல் வேலை செய்வது 41 வோல்ட்டில், 13 ஆம்பியரில். பி.டபிள்யூ.எம். அதை பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். கரண்ட் அதே 13 ஆம்பியர்தான், ஆக 170 வாட் சொச்சம் மட்டும் பேட்டரிக்குப் போகும். மீதி வீண். போதாததற்கு, லோடு இல்லாதபோது பேனல் 49 வோல்ட் வரை ஏறும், 25 வோல்ட்டே தாங்கும் கன்ட்ரோலர் கருகும். இதற்கு, பேனலின் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர்தான் தீர்வு. அதை மாட்டியதும் 40 ஆம்பியர் வரை வரலாம் என்பதால், ஒற்றை 150 ஏ.எச். பேட்டரிக்கு 25 முதல் 30 ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தி வையுங்கள்.

கன்ட்ரோலர் மாட்டும்போது பேட்டரி ஒயர் முதலில், பேனல் ஒயர் பிறகு. கழற்றும்போது பேனல் முதலில். 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைப் பல கன்ட்ரோலர்கள் பேட்டரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கின்றன. பேனலை முதலில் கொடுத்தால் குழம்பும், சில எரியும்.

இவையெல்லாம் சரி, வெயில் நன்றாக அடிக்கிறது, இருந்தும் உற்பத்தி பாதிதான் என்றால் கூரையில் கனெக்டர் கருகியிருக்கலாம். அதைப் பேனல் போட்டவர்கள் வந்து பார்க்கட்டும்.

## நிறைந்ததாகக் காட்டுகிறது, கரண்ட் போனால் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை

பேட்டரி விற்பவருக்குப் போன் போகும் அறிகுறி இது. நிதானமாகப் பாருங்கள்.

லோடு. 12 வோல்ட் 150 ஏ.எச். என்பது காகிதத்தில் 1,800 வாட்-மணி. பேட்டரி நீடிக்கப் பாதிதான் எடுக்க வேண்டும், 900. இரண்டு பழைய ஃபேன் (தலா 75 வாட்), நான்கு எல்.இ.டி. (தலா 10) சேர்த்து 190 வாட், யு.பி.எஸ். இழப்போடு நாலு மணி நேரம். இதில் ஃபிரிட்ஜும் ஒட்டிக்கொண்டால் கணக்கு கலைந்துவிடும். எல்லாவற்றையும் அணைத்து, ஒரு ஃபேனும் ஒரு விளக்கும் மட்டும் போட்டுப் பாருங்கள். நன்றாக ஓடினால் பேட்டரி குற்றமற்றது. பழைய ஃபேன்களை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன்களாக மாற்றுவது பல வீடுகளில் இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட நல்ல செலவு.

டெர்மினல். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா நீர் செல்லுக்குள் போகக் கூடாது. துடைத்துக் காயவைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். முதலில் தடவிவிட்டு இறுக்கக் கூடாது.

பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் மீட்டரில் உறுதி செய்யுங்கள். லோடு ஓடும்போது மீட்டரின் ஒரு ஊசியை பேட்டரியின் ஈய முனையிலும் இன்னொன்றைக் கேபிளின் லக்கிலும் (நுனியில் உள்ள உலோக வளையம்) வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு மோசம். கைக்குச் சுடும் லக்கும் அப்படித்தான்.

கேபிள். 800 வாட் லோடுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 78 ஆம்பியர் போகும். போக வர 4 மீட்டர், 6 சதுர மி.மீ. செம்பு ஒயர் என்றால் வழியிலேயே 0.9 வோல்ட் கரையும். பேட்டரியில் 11.9 இருக்கும்போதே யு.பி.எஸ்ஸுக்கு 11 தான் தெரியும், பேட்டரி தீர்ந்ததென்று நினைத்து நிற்கும். அதே தூரத்துக்கு 25 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.2 சொச்சம்தான். சோலாருக்காக பேட்டரியை மாடிப்படிக்கு நகர்த்திப் பழைய ஒயரையே நீட்டிய வீடுகளில் இதை முதலில் சந்தேகப்படுங்கள். கண்டுபிடிக்க எளிய வழி: லோடு ஓடும்போது பேட்டரி முனையிலும் யு.பி.எஸ். முனையிலும் தனித்தனியே வோல்ட் எடுங்கள். வித்தியாசம் 0.3க்கு மேல் போனால் கேபிளை மாற்றுங்கள். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்தித் தருபவரிடம் வாங்குங்கள், சுத்தியலால் அடித்த லக் சில மாதத்தில் சூடேறத் தொடங்கும்.

தண்ணீர். மிதவை சிவப்புக் கோட்டுக்கு இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீர், மழைத் தண்ணீர், ஆசிட் எதுவும் கூடாது.

இனி பேட்டரியின் உள்ளே. பேனல், ஈ.பி. சார்ஜ், லோடு மூன்றையும் துண்டித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் வோல்ட் எடுங்கள். 12.5 முதல் 12.7 வரை நிறைவு, 12.2 பாதி, 12க்குக் கீழே ஏறக்குறைய காலி. முழுக்க சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 அருகிலேயே நின்றால் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது.

அடுத்து ஹைட்ரோமீட்டர். நிறைந்த ட்யூபுலரில் 27 டிகிரியில் 1.240 அருகே காட்டும். ஆறு செல்லையும் எழுதிவையுங்கள். எல்லாமே ஒரே அளவில் 1.190 என்றால் பேட்டரி கெடவில்லை, சார்ஜ் போதவில்லை. முந்தைய அறிகுறிக்குத் திரும்புங்கள். செல்லுக்குச் செல் 0.030 வித்தியாசம் என்றால் ஈக்வலைஸ் சார்ஜ் (செல்களைச் சமன்செய்யச் சற்றுக் கூடுதல் வோல்ட்டில் தருவது) கொடுத்து மறுபடி பாருங்கள். ஒரு செல் மட்டும் 0.050 தாழ்ந்து, ஈக்வலைஸுக்கும் அசையவில்லை என்றால் அதோடு போராட வேண்டாம். தண்ணீர் ஊற்றிய அன்றே அளந்தால் தப்பாகக் காட்டும், ஒரு முழு சார்ஜ் முடிந்தபின் அளந்து பாருங்கள்.

கடைசிச் சோதனை: நிறைந்த பேட்டரியில் 300 வாட் ஓட்டுங்கள். நல்ல 150 ஏ.எச். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் 11.8க்குக் கீழே இறங்காது. சில நிமிடங்களில் 11.5ஐத் தொட்டால் கொள்ளளவு போய்விட்டது. இந்த எண்களைக் காட்டி வாரன்ட்டி கேளுங்கள். 24 வோல்ட் ஜோடியில் ஒன்று மட்டும் கெட்டால் பழையதோடு புதியதைத் தொடரில் இணைக்க வேண்டாம், பலவீனமானது பலமானதையும் சேர்த்துக் கெடுக்கும். சோலாருக்கு வாங்கும்போது சி10 அளவு (பத்து மணி நேரத்தில் காலி செய்தால் கிடைக்கும் கொள்ளளவு) எழுதிய பேட்டரியைக் கேளுங்கள். சி20யில் சொல்லும் 150 ஏ.எச். சி10இல் அதைவிடக் குறைவு.

## லித்தியம்: இன்வெர்ட்டர் பேட்டரியைக் கண்டுகொள்வதில்லை, அல்லது நிறையும் நேரத்தில் துண்டிக்கிறது

முனையில் வோல்ட் எடுங்கள். பூஜ்ஜியமோ ஓரிரு வோல்ட்டோ காட்டினால் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் மின்னணு பலகை) உறங்கிவிட்டது. அடி வரை காலியானதும் அது தன்னைத் துண்டித்துக்கொள்ளும். பேட்டரியின் பவர் பட்டனையோ ரீசெட் பட்டனையோ அழுத்தி எழுப்புங்கள், எழுந்தவுடனே சார்ஜ் கொடுங்கள். எழவில்லை என்றால் விற்றவரிடம் விட்டுவிடுங்கள். கார் பேட்டரியை ஒட்டி எழுப்பும் வித்தைகள் வேண்டவே வேண்டாம்.

வோல்ட் சரியாக இருந்தும் தகவல் தொடர்புப் பிழை காட்டினால் கேபிளைப் பாருங்கள். முனை சாதாரண நெட்வொர்க் கேபிள் போலத்தான் இருக்கும், உள்ளே ஒயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேபிள் மாட்டியது கேன் துளையா ஆர்.எஸ்.485 துளையா (இரண்டும் வேறு வேறு தகவல் முறைகள்), முதல் பேட்டரியின் டிப் சுவிட்ச் மாஸ்டரில் இருக்கிறதா, இன்வெர்ட்டர் மெனுவில் பேட்டரி வகை சரியா, இந்த மூன்றும் பொருந்த வேண்டும்.

தகவல் கேபிள் இல்லாமல் ஓட்டினால் வோல்ட்டைக் கையால் கொடுக்க வேண்டும். 16 செல் பேட்டரிக்கு சார்ஜ் 56.0, ஃப்ளோட் (நிறைந்தபின் தக்கவைக்கும் வோல்ட்) 54.0, கீழ்வெட்டு (காலியானதாகக் கொண்டு நிறுத்தும் வோல்ட்) 48.0 பாதுகாப்பானவை. 15 செல் என்றால் சார்ஜ் 52.5, கீழ்வெட்டு 45. ட்யூபுலருக்கான 57.6ஐ மாற்றாமல் விட்டால் 16 செல்லில் சில செல்கள் 3.65ஐத் தாண்டும், 15 செல்லில் எல்லாமே தாண்டும். பி.எம்.எஸ். படக்கென்று துண்டிக்கும். "நிறையும்போது மட்டும் கட் ஆகிறது" என்பதற்குக் காரணம் அநேகமாக இதுவே. ஈக்வலைஸ் செட்டிங் கண்டிப்பாக ஆஃப்.

கேபிள் இல்லாதபோது இன்வெர்ட்டர் காட்டும் சதவீதத்தை நம்பாதீர்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 20 முதல் 80 சதவீதம் வரை வோல்ட் ஏறக்குறைய நகர்வதே இல்லை.

## பேட்டரி வைத்த பிறகு ஈ.பி. பில் ஏறியிருக்கிறது

சார்ஜ் எங்கிருந்து? மெனுவில் சார்ஜ் முன்னுரிமை "சோலாரும் ஈ.பி.யும்" என்று இருந்தால் இரவில் ஈ.பி. பேட்டரியை நிரப்பிவிடும், பகலில் சோலாருக்கு இடமிருக்காது. "சோலார் மட்டும்" என்று வையுங்கள். நீண்ட மழையில் மட்டும் ஈ.பி. சார்ஜை அனுமதியுங்கள்.

இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு. 5 கிலோவாட் ஹைப்ரிட் சும்மா இருக்கும்போதே 60 வாட் எடுக்கக்கூடும். நாளுக்கு 1.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 86. இதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை.

சி.டி. கிளாம்ப் திசை. மீட்டர் பக்கத்து ஒயரில் மாட்டிய சிறு வளையம் தலைகீழாக இருந்தால் ஹைப்ரிட்டுக்கு வாங்குவதும் கொடுப்பதும் மாறித் தெரியும். இரவில் கீசரைப் போடுங்கள். டிஸ்ப்ளேயில் ஈ.பி.யிலிருந்து எடுப்பது கூட வேண்டும், அல்லது பேட்டரி தர வேண்டும். கிரிட்டுக்குக் கொடுப்பதாக எண் ஏறினால் திசை தப்பு. மெயினை அணைத்து எலக்ட்ரீஷியன் திருப்பி மாட்டட்டும்.

தேவையில்லாத சுழற்சி. நெட் மீட்டர் உள்ள வீட்டில் கொடுத்த யூனிட் எடுத்த யூனிட்டில் கழிகிறது. அங்கே தினமும் பேட்டரியை நிரப்பி இரவில் காலி செய்வதால் மிச்சம் எதுவும் இல்லை. ட்யூபுலரில் ஐந்தில் ஒரு பங்கு இழப்பு, பேட்டரி ஆயுளும் போகும். கரண்ட் போகும் நேரத்துக்கென்று நிறைத்து வையுங்கள், அது போதும்.

## கரண்ட் போகும்போதோ வரும்போதோ ஆர்.சி.சி.பி. விழுகிறது

ஆர்.சி.சி.பி. என்பது மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலோடு கலந்திருப்பதே அது விழுவதற்கு வழக்கமான காரணம். பழைய வீடுகளில் இன்வெர்ட்டருக்கென்று ஃபேஸ் ஒயர் மட்டும் இழுத்து, நியூட்ரலைப் பொதுவில் விட்டிருப்பார்கள். ஃபேஸ் ஆர்.சி.சி.பி. வழியே போகாமல் நியூட்ரல் மட்டும் அதன் வழியே திரும்பினால் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்திலேயே அது விழும்.

இன்வெர்ட்டர் லைன் எம்.சி.பி.க்களை எல்லாம் அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு மெயினை அணைத்து ஏற்றிப் பாருங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்த அறையைக் குறித்துக் கொடுத்தால் எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை மிச்சம். அதற்கு மேல் நீங்கள் திறக்க வேண்டாம். ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள். பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலில் டெஸ்டர் மங்கலாக எரிந்தால் நியூட்ரல் மிதக்கிறது என்று பொருள். அதை எர்த்தோடு நீங்களாக இணைக்காதீர்கள், ஈ.பி. திரும்பும்போது ஆபத்து.

## சூடு, வாடை, வீக்கம்

இங்கே சோதனை வரிசை இல்லை. முதலில் நிறுத்துங்கள்.

அழுகிய முட்டை வாடை வந்தால் ட்யூபுலர் மிதமிஞ்சி சார்ஜ் ஆகிறது. ஹைட்ரஜனும் வெளியேறிக்கொண்டிருக்கும். அந்த அறையில் சுவிட்ச் தட்டாமல், தீ பற்றவைக்காமல் ஜன்னலைத் திறந்து, வெளியே உள்ள மெயினிலும் பேனல் ஐசொலேட்டரிலும் (பேனல் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) துண்டியுங்கள். ஆறிய பிறகு பார்க்க வேண்டியவை: சார்ஜ் வோல்ட் 14.8ஐத் தாண்டியதா, பேட்டரி வகை தப்பாக இருக்கிறதா, செத்த செல் ஒன்று இருந்து அதன் பங்கு வோல்ட்டை மற்ற ஐந்தும் வாங்குகின்றனவா. மாதம் ஒருமுறைக்கு மேல் தண்ணீர் கேட்கும் பேட்டரிக்கும் இதே சந்தேகம். தகரக் கூரையின் கீழ் மொட்டை மாடியில் வைத்திருந்தால் கீழே இறக்குங்கள். 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

லித்தியம் பெட்டி வீங்கினாலோ, இனிப்பான இரசாயன வாடை வந்தாலோ பிரேக்கரை அணையுங்கள். திறக்காதீர்கள், குத்தாதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். புகை என்றால் எல்லோரையும் வெளியேற்றி 101 அல்லது 112ஐ அழையுங்கள். மாற்றுப் பேட்டரி வரும்போது அதைப் படிக்கட்டின் அடியிலும் வாசல் வழியிலும் வைக்க விடாதீர்கள். பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே டி.சி. என்று எழுதிய ஃபியூஸோ பிரேக்கரோ இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்ட விடுங்கள். வீட்டு ஏ.சி. எம்.சி.பி.யை அங்கே மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள்.